சாக்லேட்டின் தரம் சதவீதத்தில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் சாக்லேட்டின் வரலாறு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இதற்காக ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கட்டுரையின் ஓரத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்த ஆலோசனைகளில் மூன்றைத் திருத்தியே ஆக வேண்டும். உறையில் போட்டிருக்கும் கொக்கோ சதவீதம் கூடக்கூடத் தரமும் கூடும் என்பது ஒன்று. மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை பிடித்துவிட்டது, தூக்கிப் போட்டுவிடுங்கள் என்பது இன்னொன்று. உருக்கும்போது கெட்டியானால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள் என்பது மூன்றாவது. இதை நம்பி நல்ல சாக்லேட்டைக் குப்பையில் போடுகிறவர்களும், பாத்திரம் நிறைய உருக்கியதைப் பாழாக்குகிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சதவீதம். உறையில் 70 என்று போட்டிருந்தால், கொக்கோ விதையிலிருந்து வந்தவை எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு எழுபது பங்கு என்று பொருள். விதையை அரைத்த விழுதும், தனியாகச் சேர்த்த கொக்கோ வெண்ணெயும் ஒரே கணக்கில்தான் வரும். ஒரு கட்டியில் எழுபது பங்கும் விழுதாகவே இருக்கலாம். இன்னொன்றில் விழுது 55, வெண்ணெய் 15 என்று இருக்கலாம். முன்னது காட்டமாக இருக்கும், நாக்கில் மெதுவாக இளகும். பின்னது வழுவழுவென்று இறங்கிவிடும். எண் ஒன்றுதான், தின்கிற அனுபவம் வேறு. கறுப்புச் சாக்லேட்டில் மீதி முப்பது பங்கும் ஏறக்குறைய சர்க்கரைதான். ஆகவே அந்த எண் உறுதியாகச் சொல்வது சர்க்கரை எவ்வளவு என்பதை மட்டும். சர்க்கரையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு அது பயன்படும். விதை நல்லதா, சரியாகப் புளித்ததா, கருகாமல் வறுத்தார்களா என்பதை அது சொல்லாது. மோசமான விதையில் செய்த 85-ஐவிட நல்ல விதையில் செய்த 60 எவ்வளவோ மேல்.

தரம் தீர்மானமாவது தோட்டத்தில், விதை புளிக்கிற அந்த ஐந்தாறு நாட்களில். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

கொக்கோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 20 பாகைக்குள் வளரும் மரம். பூக்கள் கிளை நுனியில் வராமல் அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் நேரடியாகப் பூக்கும். மகரந்தம் சேர்ப்பவை கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு ஈக்கள். பூக்கிறவற்றில் மிகச் சிலவே காயாகும், காய் முற்றிப் பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும். உடைத்தால் உள்ளே முப்பது, நாற்பது விதைகள், வெள்ளையான வழவழப்புச் சதை மூடி இருக்கும். அந்தச் சதை இனிப்பும் புளிப்புமாக நன்றாக இருக்கும். விதையைக் கடித்தால் தாங்க முடியாத கசப்பும் துவர்ப்பும்தான். சாக்லேட் வாசனை துளியும் இருக்காது. பச்சை விதையை அப்படியே காயவைத்து வறுத்தாலும் அந்த வாசனை வராது.

வாசனைக்கான மூலப்பொருளை உண்டாக்குவது நொதித்தல். விதையைச் சதையோடு குவித்து வாழை இலையால் மூடுவார்கள், இல்லையென்றால் மரப்பெட்டியில் கொட்டுவார்கள். முதல் ஓரிரு நாள் ஈஸ்ட் வேலை செய்து சதையின் சர்க்கரையைச் சாராயமாக்கும். லாக்டிக் அமில பாக்டீரியாவும் கூடவே சேர்ந்துகொள்ளும். சதை கரைந்து வடிந்ததும் குவியலுக்குள் காற்று புகும். அப்போது கிளறிவிட்டால் அசிட்டிக் அமில பாக்டீரியா பெருகிச் சாராயத்தைப் புளிக்காடியாக (வினிகராக) மாற்றும். அந்த மாற்றத்தில் எழும் சூட்டால் குவியலின் நடுப்பகுதி 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை போகும். அமிலமும் சூடும் சேர்ந்து விதையின் முளையைக் கொன்றுவிடும். விதைக்குள் தனித்தனி அறைகளில் இருந்தவை ஒன்றோடொன்று கலக்கும். புரதம் உடைந்து அமினோ அமிலங்களாகும், சர்க்கரை உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆகும், துவர்ப்புப் பொருள்கள் காற்றுப்பட்டுக் கறுக்கும். இந்த அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும்தான் பிறகு வறுக்கும்போது சூட்டில் கூடிச் சாக்லேட் வாசனையாகின்றன.

இதில் தவறு நடக்கப் பல வழிகள் உண்டு. குவியல் சிறிதாக இருந்தால் சூடு ஏறாது. கிளறாமல் விட்டால் ஓரம் பச்சையாகவே நின்றுவிடும், நடுவில் மட்டும் புளிக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது புரட்ட வேண்டும். பணத்தேவையில் மூன்றாம் நாளே அள்ளிக் காயப்போட்டால் விதை உள்ளே ஊதாவாகவோ சிலேட்டு நிறத்திலோ இருக்கும், துவர்க்கும். ஒரு வாரத்துக்கு மேல் கிடந்தால் அழுகல் பாக்டீரியா வந்து அம்மோனியா நெடி ஏறும். இதைச் சோதிக்கத்தான் வாங்குகிறவர்கள் மூட்டையிலிருந்து 300 விதைகளை எடுத்து நெடுக்காக வெட்டிப் பார்க்கிறார்கள். வெட்டிய முகம் பழுப்பாக, வாய்க்கால் வாய்க்காலாகப் பிளந்திருந்தால் நன்றாகப் புளித்த விதை. ஊதாவாக, பிளவில்லாமல் இறுகியிருந்தால் அரைகுறை.

பிறகு காயவைப்பது. ஈரம் 7 சதவீதத்துக்கு வர வேண்டும். 8-ஐத் தாண்டினால் மூட்டையில் பூசணம், 6-க்குக் கீழே போனால் விதை நொறுங்கும். மழைக்காலத்தில் அடுப்புப் புகையில் காயவைத்தால் அந்தப் புகை நெடி கடைசிவரை போகாது. சாக்லேட்டில் சுட்ட விறகு வாசனை அடித்தால் தப்பு இங்கேதான் நடந்திருக்கிறது.

கட்டுரை கிரியோல்லோ, ஃபோரஸ்டெரோ, டிரினிடேரியோ என்று மூன்று ரகம் மட்டும் சொல்லி, முதலாவது உயர்ந்தது, இரண்டாவது மட்டம் என்று பிரித்துவிட்டது. வியாபாரத்தில் இன்றும் புழங்கும் பிரிவுதான். ஆனால் 2008-இல் வெளியான மரபணு ஆய்வு கொக்கோவைப் பத்துக் குழுக்களாகப் பிரித்துக் காட்டிவிட்டது. ஃபோரஸ்டெரோ என்று ஒரே மூட்டையில் கட்டப்பட்டவற்றுள் எக்வடோரின் நாசியோனால் போல மல்லிகை மணம் கொண்டவையும் இருந்தன. ரகப் பெயரைப் பார்த்து மட்டும் விலை கொடுக்க வேண்டாம்.

வரலாற்றுக்கு வருகிறேன். சாக்லேட்டை ஐரோப்பாவுக்குக் கொலம்பஸ் அறிமுகப்படுத்தினார் என்று எழுதியிருப்பது சரியல்ல. 1502-இல் ஹோண்டுராஸ் கரைக்கு அப்பால் குவானாஹா தீவருகே ஒரு வணிகப் படகை அவர் மறித்தது உண்மை. அதில் கொக்கோ விதைகள் இருந்ததும், கீழே சிந்திய விதைகளைப் படகுக்காரர்கள் தங்கள் கண்ணே விழுந்துவிட்டதுபோலக் குனிந்து பொறுக்கியதும் அவருடைய மகன் பெர்னாண்டோ எழுதிய வரலாற்றில் இருக்கிறது. ஆனால் அந்த விதையிலிருந்து என்ன செய்வார்கள் என்று கொலம்பஸ் தெரிந்துகொண்டதற்குச் சான்று இல்லை. ஸ்பானியர்கள் அந்தப் பானத்தோடு நெருங்கிப் பழகியது 1519-இல் ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ் மெக்சிகோவில் இறங்கிய பிறகுதான். 1544-இல் குவாத்தமாலாவின் கெக்சி மாயா இனத்தவரின் தூதுக்குழு ஒன்று டொமினிக்கன் பாதிரிமாரோடு ஸ்பெயின் போய் இளவரசர் பிலிப்புக்குக் கொடுத்த காணிக்கைகளில் சாக்லேட்டும் இருந்தது.

அதேபோல, சாக்லேட் மெக்சிகோவை ஆண்ட ஆஸ்டெக்குகள் கண்டுபிடித்தது என்பதும் தவறு. எக்வடோரின் தென்கிழக்கில் சாந்தா ஆனா லா ஃபுளோரிடா என்ற இடத்தில் கிடைத்த பாத்திரங்களில் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய கொக்கோவின் தடயம் இருப்பதாக 2018-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஆஸ்டெக் தலைநகரமோ உயரமான மேட்டு நிலம், அங்கே கொக்கோ மரமே வளராது. அவர்களுக்கு விதை வந்தது சோகோனுஸ்கோ போன்ற தாழ்நிலப் பகுதிகளிலிருந்து, வணிகமாகவும் கப்பமாகவும். விதையே நாணயமாகவும் புழங்கியது. மெக்சிகோவின் டிலாஸ்கலா நகரின் 1545-ஆம் ஆண்டு விலைப்பட்டியலில் ஒரு பெரிய தக்காளிக்கு ஒரு விதை, நல்ல பெட்டை வான்கோழிக்கு நூறு விதை என்று இருக்கிறது. தோலுக்குள் மண் அடைத்துக் கள்ள விதையும் செய்தார்கள்.

அந்தக் காலம் முழுவதும் சாக்லேட் குடிக்கும் பொருள்தான். வறுத்து, கல்லில் அரைத்து, தண்ணீரில் கரைத்து, மக்காச்சோள மாவு, மிளகாய், வனிலா, மணமுள்ள பூவிதழ்கள் சேர்த்து, உயரத் தூக்கி ஆற்றி நுரை எழுப்பிக் குடித்தார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கும் மாயா குவளையில் ஒரு பெண் நின்றபடி கையிலுள்ள பாத்திரத்திலிருந்து தரையிலிருக்கும் பாத்திரத்துக்கு ஊற்றுகிறாள். நுரைக்காகத்தான் அது. பானத்தில் அவர்கள் பெரிதாக மதித்தது நுரையை.

தின்கிற கட்டி 1847-இல்தான் வருகிறது. அதற்கு வழிவிட்டது 1828-இல் ஆம்ஸ்டர்டாமில் வான் ஹூட்டன் குடும்பம் காப்புரிமை பெற்ற அழுத்தும் எந்திரம். தோல் நீக்கிய விதையில் பாதிக்கு மேல் கொழுப்பு. பானத்தில் அது எண்ணெயாக மிதந்து தொல்லை கொடுத்தது. எந்திரத்தில் அழுத்திப் பாதியளவு கொழுப்பைப் பிரித்ததும் நன்றாகக் கரையும் கொக்கோ பொடி கிடைத்தது. பிரிந்த கொழுப்புதான் கொக்கோ வெண்ணெய். பிரிஸ்டலின் ஃபிரை நிறுவனம் அந்த வெண்ணெயை விழுதோடும் சர்க்கரையோடும் கூடுதலாகக் கலந்து அச்சில் ஊற்றியது. சொல்லப்போனால், பானத்துக்குத் தொல்லையாக இருந்த கொழுப்புதான் கட்டியை உண்டாக்கிற்று. 1875 வாக்கில் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் டேனியல் பீட்டர் பால் சாக்லேட் செய்தார். பாலில் தண்ணீர் இருப்பதால் அது விழுதோடு சேராமல் கெட்டுக்கொண்டே இருந்தது, தண்ணீர் சுண்டிய பாலைக் கையாண்டதும் சரியாயிற்று. 1879-இல் பெர்ன் நகரில் ரொடோல்ஃப் லிண்ட் கொண்டுவந்த கான்ச் எந்திரம்தான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரியது. அதற்கு முந்தைய கட்டிகள் மணல்போல நறநறத்தன.

கான்ச் என்ன செய்கிறது என்று சொல்கிறேன். விழுதைப் பல மணி நேரம், சில இடங்களில் மூன்று நாள்வரைகூட, சூட்டில் தேய்த்துக் கிண்டிக்கொண்டே இருக்கும். கறுப்புக்கு 60 முதல் 80 டிகிரி, பால் சாக்லேட்டுக்கு அதைவிடக் குறைவு. நொதித்தலில் தங்கிய புளிக்காடி அமிலம் ஆவியாகப் போகும், ஈரம் ஒரு சதவீதத்துக்குக் கீழே இறங்கும், ஒவ்வொரு சர்க்கரைத் துகளின்மேலும் கொழுப்புப் படியும். துகள் அளவும் முக்கியம். 30 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் இருந்தால் நாக்குக்குத் தெரியும், 20-க்குப் பக்கத்தில் இருந்தால் பட்டு. அதற்காக இன்னும் அரைத்துக்கொண்டே போகக் கூடாது. 15-க்குக் கீழே போனால் மேற்பரப்பு பெருகி, இருக்கிற கொழுப்பு போதாமல் பசைபோலாகிவிடும். கான்ச்சில் அதிக நேரம் ஓடினால் உயர்வு என்று விளம்பரம் செய்கிறார்கள். நல்ல விதையை அளவுக்கு மீறி ஓட்டினால் அமிலத்தோடு மணமும் போய்விடும்.

உறையில் சதவீதத்தைவிட முதலில் படிக்க வேண்டியது உட்பொருள் பட்டியல். எடையில் கூடியது முதலில் வரும். சர்க்கரை முதலில் வந்தால் அது இனிப்புப் பண்டம், அப்படி நினைத்தே தின்னலாம். நல்ல கறுப்புச் சாக்லேட்டுக்கு விழுதும் சர்க்கரையும் போதும். கூட்டுக் கொக்கோ வெண்ணெய், விழுதை இளக்கமாக ஓடவைக்கும் லெசித்தின் அரை சதவீதத்துக்கு மிகாமல், வனிலா இருந்தால் குற்றமில்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சாக்லேட்டில் குறைந்தது 35 சதவீதம் கொக்கோ இருக்க வேண்டும். கொக்கோ வெண்ணெய் அல்லாத தாவரக் கொழுப்பு 5 சதவீதம்வரைதான் போகலாம், அதையும் உறையில் சொல்ல வேண்டும். வெண்ணெய்க்குப் பதில் முழுக்கவே வேறு கொழுப்பு சேர்த்தது காம்பவுண்ட். அது கைச் சூட்டுக்கு எளிதில் உருகாது, டெம்பரிங் (உருக்கியதைப் பக்குவமாக ஆற்றிப் பளபளப்பாக உறையவைப்பது) வேண்டாம், வேலை சுலபம். ஆனால் தின்று முடித்த பிறகும் அண்ணத்தில் மெழுகு ஒட்டியதுபோல இருக்கும்.

இனி தின்பது. குளிர்ச்சியாகத் தின்றால் பாதிச் சுவை போய்விடும். 20 முதல் 22 டிகிரியில் இருக்கட்டும். ஐந்தாறு கிராம் துண்டு போதும். உடைக்கும்போது சட்டென்று ஒலி வர வேண்டும், உடைந்த முகம் சீராக இருக்க வேண்டும். விரலால் லேசாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பிறகு நாக்கில் வைத்து இரண்டு மூன்று முறை மட்டும் கடித்துவிட்டு, மெல்லாமல் அண்ணத்தோடு அழுத்தி உருகவிடுங்கள். முதலில் வருவது புளிப்பும் பழ வாசனையும், அடுத்து வறுத்த மணம், கசப்பும் துவர்ப்பும் கடைசியில். கசப்பையும் துவர்ப்பையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. கசப்பு சுவை, துவர்ப்பு வாயை இறுக்கி உலர்த்துவது. துவர்ப்பு தூக்கலாக இருந்தால் விதை சரியாகப் புளிக்கவில்லை. புளிக்காடி நெடி அடித்தால் அவசரமாகக் காய்ந்திருக்கும், கான்ச்சிலும் போதிய நேரம் இருந்திருக்காது. கருகல் இருந்தால் வறுப்பு மிஞ்சியிருக்கிறது. விதையின் குறையை மறைக்க வேண்டுமென்றே கருக்க வறுப்பதும் உண்டு. இரண்டை ஒப்பிட விரும்பினால் ஒரே சதவீதத்தில் வெவ்வேறு நாட்டு விதையை எடுங்கள். மடகாஸ்கர் விதை சிவப்புப் பழங்களின் புளிப்போடும், கானா விதை நமக்குப் பழகிய ஆழமான கொக்கோ மணத்தோடும் இருப்பது அப்போது முதல் துண்டிலேயே தெரியும். இடையில் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்தால் நாக்கில் படிந்த கொழுப்பு கழுவிப் போகும், குளிர்ந்த நீரில் அது உறைந்து ஒட்டும்.

வெள்ளைப் பூச்சுக்கு வருவோம். பெரும்பாலும் அது பூஞ்சை இல்லை. தண்ணீர் இவ்வளவு குறைவான பண்டத்தில் பூஞ்சை வளர்வது அரிது. வெளியே வந்து உறைந்த கொக்கோ வெண்ணெயாக இருக்கும், இல்லாவிட்டால் ஈரம்பட்டுக் கரைந்து மீண்டும் படிந்த சர்க்கரையாக இருக்கும். விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு மறைந்தால் கொழுப்பு, சொரசொரவென்று நின்றால் சர்க்கரை. முன்னது சூட்டில் இளகி இறுகியதால் வருவது. உருக்கி மறுபடி டெம்பரிங் செய்தால் புதிதுபோலாகும். பின்னது குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் உறையைப் பிரிப்பதால் வருவது, அதைப் பானத்துக்கோ கேக்குக்கோ வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே கெடுதல் செய்யாது. நட்ஸ், கிரீம் வைத்தவை மட்டும் வேறு, அவற்றில் சிக்கு வாடையோ புளிப்போ இருந்தால் தின்ன வேண்டாம்.

சாக்லேட் வைக்க ஏற்றது 15 முதல் 18 டிகிரி, ஈரப்பதம் குறைந்த, வெளிச்சம் படாத இடம். வேறு வழியில்லாமல் குளிர்பெட்டியில் வைப்பதானால் காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் அறையின் சூட்டுக்கு வரும்வரை விட வேண்டும். வெங்காயம், மசாலா பக்கத்தில் இருந்தால் கொக்கோ வெண்ணெய் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும்.

டெம்பரிங் என்பது என்ன? கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையும். அதில் ஐந்தாவது மட்டும்தான் பளபளப்பும் ஒலியும் தரும், 33, 34 டிகிரியில் உருகும். உருக்கிய சாக்லேட்டை அப்படியே ஆறவிட்டால் தாழ்ந்த படிகங்கள் கலந்து மங்கலாக, மெத்தென்று உறைந்து, சில நாளில் வெள்ளை பூக்கும். வீட்டில் செய்ய 500 கிராம் கறுப்புச் சாக்லேட் எடுத்துப் பொடியாக நறுக்கி, 150 கிராமைத் தனியே வையுங்கள். தனியே வைப்பது பளபளப்பு மாறாததாக இருக்க வேண்டும், பூத்துப்போனது இதற்கு உதவாது. மீதி 350 கிராமைக் காய்ந்த பாத்திரத்தில் போட்டு, கொதி அடங்கிய வெந்நீருக்கு மேல், அடி தண்ணீரைத் தொடாமல் வைத்து 45 முதல் 50 டிகிரிவரை உருக்குங்கள். இறக்கியதும் பாத்திரத்தின் அடியைத் துணியால் துடைத்துவிடுங்கள். எடுத்துவைத்த துண்டுகளை மூன்று தவணையாகச் சேர்த்துக் கிண்டி 31, 32 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். பால் சாக்லேட்டை 45-க்கு மேல் சூடாக்காமல் 29, 30-க்கும், வெள்ளைச் சாக்லேட்டை 28, 29-க்கும் இறக்க வேண்டும். கத்தி முனையைத் தோய்த்து 20 டிகிரி அறையில் வைத்தால் ஐந்து நிமிடத்துக்குள் கோடில்லாமல் பளபளப்பாக உறைய வேண்டும். உறையவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் துண்டு சேர்த்துக் கிண்டுங்கள். வேலை நடுவே கெட்டியானால் அரை டிகிரி, ஒரு டிகிரி சூடேற்றலாம். 34-ஐத் தாண்டினால் நல்ல படிகமெல்லாம் கரைந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெப்பமானி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். உதட்டில் தொட்டுப் பார்ப்பது கை பழகியவர்களுக்கு மட்டும் சரிவரும்.

தண்ணீர் தெளிக்கச் சொன்ன ஆலோசனை எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது. உருகிய சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் காய்ந்த துகள்கள். அதில் சில துளி தண்ணீர் விழுந்தால் சர்க்கரை நனைந்து ஒன்றோடொன்று ஒட்டி, முழுவதும் மண்கட்டிபோல இறுகிவிடும். ஆவி படுவதும் ஈரக் கரண்டியும் அதற்குப் போதும். அப்படி இறுகியதை மறுபடி அச்சில் ஊற்ற முடியாது. ஆனால் தூக்கிப் போடவும் வேண்டாம். 60 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அளவிலாவது சுடுபாலோ வெந்நீரோ சேர்த்து வேகமாகக் கிண்டினால் சர்க்கரை முழுவதும் கரைந்து குழம்பாக இளகும், மேலே ஊற்றிக்கொள்ளவோ பானத்துக்கோ ஆகும். துளி கெடுக்கும், கரண்டி காப்பாற்றும். உருக்கும்போது தண்ணீர் படாமலே கெட்டியானால் காரணம் அதிகச் சூடு. அதற்குத் தண்ணீர் மருந்து இல்லை, கொஞ்சம் உருகிய கொக்கோ வெண்ணெய் சேர்த்துப் பார்க்கலாம்.

சாக்லேட்டும் கிரீமும் கலந்த கனாஷுக்கும் இதே கணக்குதான். உருட்டி வைக்கும் பதத்துக்கு 200 கிராம் கறுப்புச் சாக்லேட்டுக்கு, 35 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் 100 கிராம். கிரீமைக் கொதி வரும்வரை சூடாக்கி நறுக்கிய சாக்லேட்மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து சிறு வட்டமாகக் கிண்டுங்கள். எண்ணெய் பிரிந்தால் பதறாமல் ஒரு கரண்டி வெதுவெதுப்பான பால் விட்டுக் கிண்டினால் சேர்ந்துவிடும்.

பழைய முறையில் குடித்துப் பார்க்க விரும்பும் வாசகர்களுக்கு: 70 சதவீதச் சாக்லேட் 60 கிராம், தண்ணீர் 250 மில்லி, இரண்டு சிறு கோப்பைக்கு. முதலில் 50 மில்லி வெந்நீரை மட்டும் ஊற்றிக் கட்டியில்லாத விழுதாக்கி, மீதியைச் சேர்த்து 80 டிகிரிவரை சூடாக்கி நுரை வர அடியுங்கள். பால் வேண்டாம். பால் கசப்பைத் தணிக்கும், கூடவே விதையின் மணத்தையும் அமுக்கிவிடும்.

கேக் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காரம் (அமிலத்துக்கு எதிரான அல்கலி) சேர்க்காத இயற்கைக் கொக்கோ பொடி புளிப்புடையது, ஆப்பசோடாவோடு வினைபுரிந்து மாவை உப்பவைக்கும். காரம் சேர்த்துக் கறுப்பாக்கிய டச்சு முறைப் பொடி அப்படிச் செய்யாது, அதற்குப் பேக்கிங் பவுடர்தான் வேண்டும். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் கேக் எழும்பாது, சோப்பு வாடையும் அடிக்கலாம். இதயத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் ஃபிளவனால் என்ற பொருளுக்காகக் கொக்கோ குடிப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும், காரம் அதைப் பெருமளவு அழித்துவிடும். சாக்லேட் இதயத்துக்கு மருந்து என்ற கட்டுரையின் வரியைக் கொஞ்சம் தணித்துச் சொல்லியிருக்கலாம். 2022-இல் முடிவு வெளியான காஸ்மோஸ் ஆய்வில் 21,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். தினமும் 500 மில்லிகிராம் ஃபிளவனால் மாத்திரையாகக் கொடுத்தும், இதய நோய் நிகழ்வுகள் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அது மாத்திரை, சர்க்கரை சேர்ந்த கட்டிகூட இல்லை.

விவசாயிகளைப் பற்றிக் கட்டுரை ஒன்றுமே சொல்லவில்லை. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்டும் கானாவும் தருகின்றன. அந்த இரண்டு நாடுகளிலும் கொக்கோ வேலையில் ஏறத்தாழ 15.6 லட்சம் சிறுவர் சிறுமியர் இருப்பதாகச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் நிறுவனம் 2020-இல் மதிப்பிட்டது. குழந்தைத் தொழிலாளர் முறையின் மிக மோசமான வடிவங்களை ஒழிப்பதாகப் பெரிய நிறுவனங்கள் ஹார்கின்–எங்கல் உடன்பாட்டில் கையெழுத்திட்டது 2001-இல். புளிக்கவைப்பதில் இரண்டு நாளைக் குறைப்பதும் பிள்ளையைத் தோட்டத்துக்கு அழைப்பதும் ஒரே காரணத்தால் நடப்பவை, விதைக்குக் கிடைக்கும் விலை கட்டுப்படியாகவில்லை. எந்தக் கூட்டுறவிடமிருந்து, எந்த ஆண்டு அறுவடை, என்ன விலை கொடுத்தோம் என்று உறையிலோ அறிக்கையிலோ வெளியிடும் தயாரிப்பாளர்கள் இன்று இருக்கிறார்கள். அடுத்த கட்டுரையில் தங்கள் நிருபர் அதைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, மிக அவசரமானது. கட்டுரையோடு வந்த படத்தில் ஒரு குழந்தை நாய்க்குச் சாக்லேட் ஊட்டுகிறது. கொக்கோவில் உள்ள தியோபுரோமின் என்ற பொருளை நாயின் உடல் மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே வாந்தி, பேதி, அமைதியின்மை தொடங்கலாம், 40-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், 60-ஐ எட்டினால் வலிப்பு வரும். 70 சதவீதச் சாக்லேட்டில் கிராமுக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் இருக்கும். பத்துக் கிலோ நாய்க்கு 25 கிராம் துண்டே ஆபத்தின் தொடக்கம், கொக்கோ பொடியானால் அதைவிடக் குறைவு போதும். தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், உறையை எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். இணையப் பதிப்பில் அந்தப் படத்தை இன்றே எடுத்துவிடுமாறும், அச்சில் ஒரு எச்சரிக்கை வெளியிடுமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சாக்லேட் தயாரிப்பில் இருக்கும் வாசகர் ஒருவர்